ஊருக்குள் ஓர் அறிவியல் குழு: தொடங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர் ஏரியைச் சுற்றி ஆசிரியர்கள், விவசாயிகள், கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், மருந்துக்கடைக்காரர் ஒருவர் என்று கலவையாகச் சேர்ந்து சில ஆண்டுகளாக நீரை அளந்து, பறவைகளை எண்ணி, வரத்து வாய்க்கால்களைத் தேடி வருகிறோம். இதே மாதிரி தங்கள் ஊரில் செய்ய நினைப்பவர்கள் அடிக்கடி கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது பள்ளி அறிவியல் மன்றம் மாதிரியா?

அதற்கு உறவுதான். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980 முதல் இயங்குகிறது. அது 1987-இல் தொடங்கிய ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் இதழைப் படித்து வளர்ந்தவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊரில் உள்ள ஒரு பிரச்சினையை எடுத்து, தாங்களே அளந்து ஆராய்ந்து அறிக்கை எழுதுகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் சிலருக்கு வழிகாட்டப் போன ஆசிரியர்கள்தான், ‘இதைப் பெரியவர்கள் ஏன் செய்யவில்லை?’ என்று முதலில் கேட்டார்கள். எங்கள் தொடக்கம் அந்தக் கேள்விதான். அறிஞர் ஒருவரை அழைத்துச் சொற்பொழிவு கேட்பது நல்ல காரியம். ஆனால் நாங்கள் செய்வது வேறு. விடை இன்னும் யாருக்கும் தெரியாத ஓர் ஊர்க் கேள்வியை எடுத்து, ஊர்க்காரர்களே சேர்ந்து விடை தேடுகிறோம்.

ஏன் பல துறைக்காரர்கள் வேண்டும்? உயிரியல் படித்தவர்கள் மட்டும் சேர்ந்தால் போதாதா?

ஓர் உதாரணம் சொல்கிறேன். விடியற்காலையில் ஏரியில் மீன்கள் செத்து மிதக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்றுதான் ஊர் முதலில் பேசும். உயிரியல் தெரிந்தவர் நீரின் பச்சை நிறத்தைப் பார்ப்பார். பாசி பெருகிய நீரில் பகலில் ஆக்சிஜன் மிகுந்திருக்கும். இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிட, பாசியும் பாக்டீரியாவும் மீனும் ஒரே ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்க்கும். சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் அது மிகக் குறைவாக இருக்கும். அதனால்தான் சாவு பெரும்பாலும் விடியலில் தெரிகிறது. சரி, பாசி ஏன் பெருகியது? வேதியியல் ஆசிரியர் பாஸ்பேட்டையும் நைட்ரேட்டையும் தேடுவார். சாக்கடையும் சோப்புநீரும் உரமும்தான் அவற்றைக் கொண்டுவருபவை. சாக்கடை எந்த வழியாக வருகிறது? கரையோரம் நடந்து பார்க்க ஒரு பொறியாளர் வேண்டும். மழைநீர் வரவேண்டிய வாய்க்காலில் கழிவுநீர் வருவதை அவர் காட்டுவார். அந்த வாய்க்கால் முன்பு எங்கே போனது, எப்போது திரும்பியது? அதற்குக் கிராம நிர்வாக அலுவலகத்தில் உள்ள புல வரைபடத்தையும், நில விவரங்கள் எழுதிய ‘அ’ பதிவேட்டையும் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். எங்கள் குழுவில் அதைச் செய்தவர் ஓய்வுபெற்ற நில அளவர்.

இவர்களில் யாரும் தனியாக விடைக்குப் போயிருக்க முடியாது. துறைகளைக் கலக்க வேண்டும் என்று திட்டமிட்டு நாங்கள் ஆள் சேர்க்கவில்லை. கேள்வியைப் பின்தொடர்ந்து போனதில் ஒவ்வொருவராகத் தேவைப்பட்டார்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி இது: ஓர் இடத்தையும் ஒரு கேள்வியையும் பிடித்துக்கொள்ளுங்கள், துறைகள் தானாக வந்து சேரும். ‘பல துறை அறிவியல் வட்டம்’ என்று பெயர் வைத்து ஆரம்பித்தால் நாலைந்து உரைகளோடு நின்றுபோக வாய்ப்பு அதிகம்.

இதெல்லாம் பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலை இல்லையா?

அவர்களும் செய்யட்டும். நல்ல ஆய்வகமும் தேர்ந்த ஆய்வாளர்களும் அங்கேதான் இருக்கிறார்கள், நாங்களும் அவர்களிடம் உதவி கேட்கிறோம். ஆனால் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி இருக்கும்வரைதான் அவர்கள் ஓர் ஏரிக்கு வர முடியும். ஒரே ஏரியை மழை பெய்த வருடமும் பொய்த்த வருடமும் விடாமல் பார்க்க, பக்கத்திலேயே குடியிருப்பவர்களால்தான் முடியும்.

எப்படிப்பட்ட கேள்வியில் தொடங்கலாம்?

நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது அளக்க முடிய வேண்டும். விடை தெரிந்தால் ஊரில் யாருக்காவது பயன்பட வேண்டும். ‘காலநிலை மாற்றம்’ மிக முக்கியமான விஷயம், ஆனால் தொடக்கக் கேள்வியாக அது கைக்குள் அடங்காது. ‘ஏரி நிரம்பிய பிறகு நம் தெருக் கிணறுகளில் நீர்மட்டம் எத்தனை நாளில் ஏறுகிறது?’ என்பது அடங்கும். ஒரு கயிறு, ஒரு நோட்டு, கிணற்றுக்காரர்களின் சம்மதம் இருந்தால் போதும். அப்புறம் அது உங்களை மண்ணியலுக்கும் பயிர்க் கணக்குக்கும் தானே அழைத்துப் போகும்.

ஊருக்கு ஊர் கேள்வி மாறும். தர்மபுரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு உண்டு. பாறையின் தன்மை, கிணற்றின் ஆழம், பிள்ளைகளின் பல்லில் விழும் கறை எல்லாம் அங்கே ஒரே கேள்விக்குள் வந்துவிடும். லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியக் குடிநீர்த் தர அளவு.

சென்னைக் கடற்கரையில் 1988-இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு இன்னொரு வகை. பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாப்பான மணற்குழிகளில் வைக்கிறார்கள். மணலின் வெப்பத்தைப் பொறுத்துக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தீர்மானமாகிறது. தெருவிளக்கு வெளிச்சத்தைப் பார்த்துக் குஞ்சுகள் கடலை விட்டு ஊர்ப்பக்கம் திரும்பிவிடுகின்றன. அதனால் ஆமையைக் காக்க வந்தவர்கள் மின்விளக்குகளைப் பற்றியும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எத்தனை பேர் வேண்டும்?

தவறாமல் வரும் நான்கு பேர் போதும். வாட்ஸ்அப்பில் இருநூறு பேர் இருப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பட்டம் இல்லாதவர்களுக்கு இதில் என்ன இடம்?

முதல் வரிசையில் இடம். இதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன். எந்த மதகை எப்போது எவ்வளவு திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டும் என்பது, ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிக்குத் தெரியும். அது பல தலைமுறை அளந்து பார்த்த அறிவு, தாளில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். எந்த மீன் எந்த வருடத்துக்குப் பிறகு வலையில் விழவில்லை என்று மீனவர் சொல்வார். கரையில் ஆடு மேய்க்கும் அம்மாவுக்கு எந்தப் பக்கத்துத் தண்ணீரை ஆடு குடிக்க மறுக்கிறது என்று தெரியும்.

வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். ஏரியில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் விழுந்த நீர் வயலுக்கு நல்ல உரம் என்று அங்குள்ள விவசாயிகள் கண்டுகொண்டு பறவைகளைக் காத்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதால் 1798-இலேயே ஆங்கிலேய ஆட்சியரிடமிருந்து பறவைகளைச் சுடக்கூடாது என்ற உரிமை ஆவணம் கிடைத்தது. பறவையியலும் மண்வளமும் அந்த விவசாயிகளின் கவனிப்பில் ஏற்கெனவே ஒன்றாக இருந்தன.

நடைமுறையில் ஒன்று செய்யுங்கள். அவர்கள் சொல்வதைப் பெயரோடு, தேதியோடு, அவர்கள் சம்மதத்தோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். அறிக்கை வெளியிட்டால் அவர்கள் பெயரையும் பங்களித்தவர்கள் வரிசையில் போடுங்கள். ‘தகவல் தந்து உதவியவர்’ என்று கடைசியில் தள்ளாதீர்கள்.

எங்கே, எப்போது கூடுவது?

கிளை நூலகம், பள்ளி வகுப்பறை, கோயில் மண்டபம், டீக்கடை, எதுவானாலும் சரி. யார் வீட்டுக் கூடத்திலும் நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த வீட்டுக்கு வரத் தயங்குபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சாதியும் தெருவும் இல்லாத ஊர் நமக்கு இன்னும் கிடைக்கவில்லை, அதனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

நேரமும் அப்படித்தான். மாலை ஏழு மணிக்குக் கூடினால் பெரும்பாலும் ஆண்கள்தான் வருவார்கள். ஞாயிறு காலை பத்தரைக்கு மாற்றியபோது எங்கள் குழுவின் முகமே மாறியது.

வருபவர்களின் வசதியைப் பார்த்து நாள் குறிப்பது பழைய வழக்கம்தான். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ‘சந்திரக் கழகம்’ என்று ஒரு நண்பர் குழு இருந்தது. பௌர்ணமியை ஒட்டிக் கூடுவார்கள். தெருவிளக்கு இல்லாத காலம், நிலா வெளிச்சத்தில் வீடு திரும்பலாம் என்பதுதான் காரணம். அதில் நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட், ஆலை முதலாளி மேத்யூ போல்டன், மட்பாண்டத் தொழில் செய்த ஜொசையா வெட்ஜ்வுட், மருத்துவர் எராஸ்மஸ் டார்வின், பாதிரியாராக இருந்துகொண்டே வாயுக்களை ஆராய்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி எல்லாரும் இருந்தார்கள். பிரீஸ்ட்லியின் சோதனைகளுக்கு வேண்டிய பீங்கான் கலங்களை வெட்ஜ்வுட் செய்து கொடுத்தார். ஒருவர் தொழில் இன்னொருவர் ஆராய்ச்சிக்குக் கை கொடுக்கும் இந்த மாதிரிப் பரிமாற்றத்தைத்தான் நான் நம் ஊர்களில் பார்க்க ஆசைப்படுகிறேன். எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர் நீர்மட்ட அளவுகோலுக்குக் கம்பம் செய்து கொடுத்த நாளில், அவரும் குழுவில் ஓர் ஆய்வாளர் ஆனார்.

கருவிகளுக்கு நிறைய செலவாகுமா?

தொடங்குவதற்கு ஆகாது. நீரின் தெளிவை அளக்க செக்கி தட்டு போதும். 1865-இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடல்நீருக்காகப் பயன்படுத்தியது. அவர் தொழிலால் வானியலாளர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 20 செ.மீ. அகலமுள்ள தட்டில் கறுப்பும் வெள்ளையுமாகக் கால்வட்டங்கள் தீட்டி, கீழே எடை கட்டி, அளவு குறித்த கயிற்றில் இறக்குங்கள். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள்.

கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் அது கிருமியையோ ஈயத்தையோ காட்டாது. ‘டி.டி.எஸ். குறைவு, அதனால் நல்ல தண்ணீர்’ என்று யாராவது சொன்னால் அன்றே திருத்துங்கள். மலக்கிருமி கலந்திருக்கிறதா என்று பார்க்க ஹைட்ரஜன் சல்பைடு குப்பிச் சோதனை இருக்கிறது. நீர் ஓரிரு நாளில் கறுத்தால் சந்தேகப்பட வேண்டும். ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை வெறும் டைட்ரேஷன்தான் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளப்பது), மேல்நிலைப்பள்ளி வேதியியல் ஆய்வகமும் அங்குள்ள ஆசிரியரும் ஒத்துழைத்தால் நடக்கும். புளோரைடு, நைட்ரேட் போன்றவற்றை உறுதிசெய்யக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம்.

நாங்கள் எடுக்கும் அளவுகளை யார் நம்புவார்கள்?

முதலில் நீங்கள் நம்ப வேண்டும். அதற்குக் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டியிருக்கும்.

எப்போதும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளங்கள். பாசி மிகுந்த ஏரியில் காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் ஆக்சிஜனும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவும் வேறு ஏரியோ என்னும் அளவுக்கு மாறியிருக்கும். ஒரே மாதிரியை இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் எழுதட்டும். இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் உங்கள் அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும். அளவு முன்பே தெரிந்த ஒரு கரைசலில் மீட்டரை அவ்வப்போது சரிபாருங்கள். ஆய்வகத்துக்கு ஒரே நீரை இரண்டு புட்டிகளில் வேறு வேறு எண் போட்டு அனுப்பிப் பாருங்கள். தவறாக எழுதிய எண்ணை அழிக்காமல், ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்திடுங்கள். அளக்காத வாரத்துக்கு ‘அளக்கவில்லை’ என்றே எழுதுங்கள். யாரும் அதை ஊகித்து நிரப்பக் கூடாது.

அப்புறம், எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். 2011-இல் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு ஜப்பானில் ‘சேஃப்காஸ்ட்’ என்ற தன்னார்வக் குழு, கதிர்வீச்சுமானியைக் காரில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அளந்தது. கருவியின் வடிவமைப்பையும் அளவுகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கும்படி பொதுவில் வைத்தார்கள். ‘எங்களை நம்புங்கள்’ என்று கேட்பதற்குப் பதில், சரிபார்க்கும் வழியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பறவைகளை எண்ணுபவர்களுக்கு இது இன்னும் எளிது. 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்துப் பட்டியலிட்டால் போதும், வழக்கத்துக்கு மாறான பதிவுகளை அனுபவசாலிகள் சரிபார்ப்பார்கள்.

துறைகளுக்குள் சண்டை வந்தால்?

வரும், வர வேண்டும். எங்களுக்கு வந்த பெரிய சண்டை தூர்வாருவது பற்றி. விவசாயிகளும் பொறியாளரும் ஏரியை முழுக்க ஒரே ஆழத்துக்குத் தோண்டி, கருவேல மரங்களை எடுத்துவிட்டால் அதிகத் தண்ணீர் நிற்கும் என்றார்கள். பறவை பார்ப்பவர்கள் அலறினார்கள். நாரையும் உள்ளானும் இரை தேட முழங்காலளவுத் தண்ணீர் வேண்டும், கொக்குகள் கூடு கட்டுவது ஏரிக்குள் நிற்கும் நாட்டுக் கருவேலத்தில்தான்.

குரல் உயர்ந்த அந்தக் கூட்டத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, இரு தரப்பையும் ஒரே படத்தில் வரையச் சொன்னோம். எங்கே எவ்வளவு ஆழம், எந்த மரத்தில் எத்தனை கூடு, எந்த மடைக்கு எவ்வளவு தண்ணீர். வரைந்த பிறகுதான் தெரிந்தது, சண்டையில் பாதி நாட்டுக் கருவேலத்துக்கும் சீமைக் கருவேலத்துக்கும் இடையிலான குழப்பம். மீதிப் பாதி உண்மையான முரண்பாடு. மதகுப் பக்கம் ஆழமாக, எதிர்க்கரைப் பக்கம் சரிவாக விடுவது என்ற யோசனையை இரு தரப்பும் அரை மனதோடு ஏற்றார்கள். அரை மனதுதான், ஆனாலும் ஒரே மனுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

யாராவது ‘இந்தப் பொடியைப் போட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடும்’ என்று வந்தால்?

விரட்ட வேண்டாம், உடனே நம்பவும் வேண்டாம். சோதியுங்கள். தேற்றாங்கொட்டையை எடுத்துக்கொள்வோம். அதை இழைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைப்பது சங்கப் பாடலிலேயே வரும் பழக்கம். ஒரே கலங்கல் நீரை இரண்டு குடங்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் கொட்டையை இழைத்து, எது எந்தக் குடம் என்று அளப்பவருக்குச் சொல்லாமல் அளக்கச் சொல்லுங்கள். தெளிவு கூடுவதைப் பார்ப்பீர்கள். பிறகு இரண்டு குடத்து நீரையும் கிருமிக் குப்பியில் விட்டுப் பாருங்கள். தெளிந்த நீர் எல்லாம் குடிக்கத் தகுந்த நீர் இல்லை என்பதை உரையாகச் சொல்வதைவிட இது ஆழமாகப் பதியும். கொண்டுவந்தவரையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அப்படி வந்த ஒருவர் இன்று அளவெடுப்பதில் மிகக் கறாரானவர்.

அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?

பொதுக்கரையில் நின்று பறவை பார்க்கவும் நீர் மாதிரி எடுக்கவும் பொதுவாகச் சிக்கல் இல்லை, என்றாலும் ஊராட்சித் தலைவரிடம் முன்பே சொல்லிவிடுவது மரியாதை. காட்டுயிர்களைப் பிடிப்பது, கூடு முட்டைகளைத் தொடுவது 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும், வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. மனிதர்களிடம் ரத்தம், சிறுநீர் மாதிரிகளை ஒருபோதும் எடுக்காதீர்கள். உடல்நலக் கேள்வி வந்தால் மருத்துவர் வழியாக, மருத்துவமனையின் நெறிமுறைப்படிதான் போக வேண்டும். அலுவலக ஆவணங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

சங்கமாகப் பதிவு செய்யலாமா? பணம்?

அவசரமே இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். ஆனால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வந்ததும் பேச்சு அதைச் சுற்றியே போகும் ஆபத்து உண்டு. வங்கிக் கணக்கு தேவைப்படும் அளவுக்குப் பணம் வரும்வரை ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டு, கணக்கை எல்லாரும் பார்க்கும்படி எழுதி வையுங்கள். நீங்கள் அளக்கும் ஏரியில் கழிவு விடக்கூடிய யாரிடமிருந்தும் நன்கொடை வாங்காதீர்கள்.

இப்படிப்பட்ட குழுவால் உண்மையில் எதையாவது மாற்ற முடியுமா?

கேரளத்தைப் பாருங்கள். 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு, பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழா ஆற்றின் குறுக்கே வரவிருந்த அமைதிப் பள்ளத்தாக்கு நீர்மின் திட்டத்தைப் பற்றி 1979-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. எழுதியவர்களில் தாவரவியலாளர், மின்பொறியாளர், வேளாண் அறிஞர், பொருளியலாளர் எல்லாரும் இருந்தார்கள். காடு அழியும், சோலைமந்தி அழியும் என்று மட்டும் சொல்லியிருந்தால் ‘அப்படியானால் மின்சாரம் வேண்டாமா?’ என்ற ஒரே கேள்வியில் வாதம் முடிந்திருக்கும். அவர்கள் மின்சாரக் கணக்கையும் போட்டார்கள், மலபாருக்கு மின்சாரம் தர வேறு வழிகளையும் ஆராய்ந்தார்கள். கவிஞர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றிக்குப் பல கைகள் உண்டு. ஆனால் பல துறைக்காரர்கள் சேர்ந்து ஒரே அறிக்கையை எழுதியது அதற்குப் பெரிய பலம் என்று உறுதியாக நம்புகிறேன்.

நம் அளவில், 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கு நிரப்பப்பட்டிருந்தால், உங்கள் குறிப்பேடு அதை உண்மையாக நிரப்பும்.

சில மாதங்களில் ஆர்வம் வடிந்துவிடுகிறதே?

கோடையில் ஏரி வற்றும்போது கூட்டமும் வற்றும். அந்த மாதங்களுக்கென்று வேலை வையுங்கள். வறண்ட ஏரியில்தான் வாய்க்கால் வாயையும் பழைய மதகையும் கல்வெட்டையும் பார்க்க முடியும், ஆழத்தை அளக்க முடியும். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேரைப் போடுங்கள். ஒருவர் வேலை மாறிப் போனாலும் அளவு நிற்காது. வருடத்துக்கு ஒருமுறை, தை மாதத்தில், கண்டதையெல்லாம் ஊருக்குச் சொல்லுங்கள், கிராம சபையில் வாய்ப்புக் கிடைத்தால் இன்னும் நல்லது. தாங்கள் எழுதிய எண் சுவரில் படமாகத் தொங்குவதைப் பார்த்த பிள்ளைகள் அடுத்த வாரமும் வருகிறார்கள்.

எடுத்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் குழு எதற்கு?

கலைத்துவிடலாம், அதில் குறையொன்றும் இல்லை. அதற்கு முன் குறிப்பேடுகளின் நகல்களை ஊர் நூலகத்திலும் பள்ளியிலும் வையுங்கள். எந்த இடத்தில், எந்தக் கருவியால், எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்பதை முதல் பக்கத்தில் தெளிவாக எழுதுங்கள். பத்து வருடம் கழித்து வேறு யாராவது அதே கல்லில் நின்று அளக்க விரும்பினால், அந்தப் பக்கம் அவர்களுக்கு வேண்டும்.